பித்தளையில் வெட்டுவதற்கு முன் ஒரு சந்தேகம்: எத்ருஸ்கர் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

வடசேரி சிற்றுளி:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவன் நான். 31 வருஷம் ஆகிறது. குடம், தாம்பாளம், உருளி, குத்துவிளக்கு, எவர்சில்வர் தட்டு என்று எது வந்தாலும் கொடுக்கிறவர் பெயரும் ஊரும் நாளும் வெட்டிக் கொடுப்பேன். எவர்சில்வருக்கு இப்போது மெஷின் பேனா இருக்கிறது. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் மட்டும் அப்பா கையில் இருந்த அதே சிற்றுளிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கச்சி மகன் குருவானவர். மேல்படிப்புக்காக ரோமில் இருக்கிறார். (பட்டம் வாங்கிய நாளிலிருந்து நான் அவரை 'அவன்' என்று சொல்வதில்லை.) போன மாதம் வத்திக்கானுக்குள் இருக்கிற எத்ருஸ்கர் அருங்காட்சியகத்துக்கும், ரோமிலேயே வில்லா ஜூலியா என்ற இன்னொரு அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டு வெண்கலக் கண்ணாடிகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "மாமா, இது உங்க தொழில்."

எத்ருஸ்கர் என்பவர்கள் ரோமுக்கு வடக்கே, இப்போது டஸ்கனி என்கிற பகுதியில், ரோமர்கள் பெரிய ஆளாக வருவதற்கு முன்பே நகரங்கள் கட்டி வாழ்ந்தவர்களாம். கண்ணாடி என்றால் ரசம் பூசிய கண்ணாடி கிடையாது. நம்ம பக்கத்து ஆறன்முளைக் கண்ணாடி மாதிரி உலோகத்தையே பளபளவென்று தேய்த்தது. ஒரு பக்கம் முகம் பார்க்க. மறுபக்கம் கோட்டுச் சித்திரம். சாமிகளும் வீரர்களும் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் பெயர் வெட்டியிருக்கிறது.

அந்தப் பெயர்களைத்தான் ராத்திரி வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தை முடித்துவிட்டு மிச்சம் கிடக்கிற இடத்தில் எழுத்தை நுழைத்திருக்கிறார்கள். தோளுக்கும் சிறகுக்கும் நடுவில், வேல் கம்பை ஒட்டி, வட்டத்தின் விளிம்போடு வளைந்து. 2400 வருஷத்துக்கு முந்தின ஒரு ஆளின் கை எங்கே அழுத்தியது, எங்கே தூக்கியது என்பது எனக்குத் தெரிகிறது. வத்திக்கானில் உள்ள ஒரு கண்ணாடியில் சிறகு முளைத்த கிழவர் ஒருவர் ஒரு காலைப் பாறைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டு ஈரலைக் கையில் ஏந்திக் குறி பார்க்கிறார். பெயர் கல்காஸ் என்று வெட்டியிருக்கிறது. டிராய் போருக்குப் போன கிரேக்கர்களின் குறிசொல்லி அவர்தான் என்று மருமகன் சொன்னார்.

இப்போது வேலை என்னவென்றால், அவருடைய பேராசிரியருக்குக் கொடுக்க 14 அங்குலப் பித்தளைத் தாம்பாளம் ஒன்று வேண்டும். விளிம்பைச் சுற்றி எத்ருஸ்கர் கண்ணாடிகளில் வருகிற 12 பெயர்கள், தமிழ் எழுத்தில். நடுவில் ஒரு சின்னப் படம், அது என் இஷ்டம். பட்டியலும் அனுப்பிவிட்டார். தினியா = ஜீயஸ் = ஜூப்பிட்டர், உனி = ஹீரா = ஜூனோ, துரான் = அஃப்ரோடைட் = வீனஸ் என்று சமக்குறி போட்டுப் போட்டு.

எனக்கு ஓடாத இடம் இதுதான். சில பெயர்கள் கிரேக்கப் பெயரையே கையைக் காலை ஒடித்த மாதிரி இருக்கின்றன. அப்பல்லோ 'அப்லு'. அக்கிலீஸ் 'அக்லெ'. மெனெலாஸ் 'மென்லெ'. கிளைதெம்னெஸ்ட்ரா என்ற ராணி 'க்லுத்ம்ஸ்தா'. இடம் போதாமல் வெட்டினவன் சுருக்கிவிட்டானா? தொழிலில் அது நடக்கும். கலியாணச் சீர்க் குடம் ஒன்றில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, அந்தக் குடத்தை நானே விலைக்கு எடுத்துக்கொண்டேன். பித்தளையில் அழிக்க வழி கிடையாது.

ஆனால் துரான், செத்லன்ஸ், ஃபுஃப்லுன்ஸ், துர்ம்ஸ் என்பவையெல்லாம் கிரேக்கத்தோடு ஒட்டவே இல்லையே. அது ஏன்? கடைசியாக, தமிழில் வெட்டும்போது நமக்குப் பழகின கிரேக்கப் பெயரை வெட்டுவதா, எத்ருஸ்கர் சொன்ன மாதிரியே வெட்டுவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உளியை எடுப்பதற்கு முன் எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும்.

---

தக்கலை டீச்சர்:

அண்ணாச்சி, வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் முதல் சந்தேகத்துக்கு முதலில் பதில்: வெட்டினவர் பிழை செய்யவில்லை, இடம் போதாமல் சுருக்கவும் இல்லை. அவருடைய ஊரில் அந்தப் பெயரை அப்படித்தான் சொன்னார்கள்.

எத்ருஸ்கர் மொழிக்குக் கிரேக்கத்தோடும் லத்தீனோடும் உறவு கிடையாது. எழுத்தை மட்டும் கிரேக்கர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள். மருமகன் அனுப்பிய படங்களில் பெயரை வலக்கைப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

அவர்கள் நாவில் இல்லாத ஒலிகள் சில உண்டு. 'தங்கம்' என்பதில் நடுவில் வருகிற க, 'பந்து' என்பதில் வருகிற து, 'தம்பி' என்பதில் வருகிற பி இருக்கிறதே, அந்த மெல்லிய ஓசை அவர்களுக்குக் கிடையாது. எல்லாம் கல், தலை, பல் என்பதில் வருகிற மாதிரி வல்லோசைதான். ஒகரமும் கிடையாது. அ, எ, இ, உ நான்கே உயிர். அதனால் கிரேக்கப் பெயரில் ஒ வந்தால் உ ஆகிவிடும். ஹெக்டோர் எக்துர் ஆனான். அக்கிலீஸின் தோழன் பட்ரோக்ளஸ் பத்ருக்லெ ஆனான். காஸ்டோர், பாலிடியூகஸ் என்ற இரட்டையர் கஸ்துர், புல்துகெ ஆனார்கள். ஒவ்வொரு பெயரிலும் இதே கணக்கு ஒழுங்காக நடப்பதைப் பார்க்கலாம். கைப்பிழை இப்படி வரிசை கட்டி வராது.

இனி உயிர் உதிர்கிற சங்கதி. எத்ருஸ்கர் சொல்லின் முதல் அசையை ஓங்கி அழுத்திச் சொன்னார்கள். அந்த அழுத்தத்தில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் நடுவில் இருந்த உயிர்கள் கரைந்துபோயின. நாம் 'கொண்டு வா' என்பதைக் 'கொண்டா' என்கிறோம், 'இருக்கிறது' நம் வாயில் 'இருக்கு' ஆகிறது. அவர்களிடம் அது இன்னும் வேகமாக நடந்தது. டிராய் இளவரசன் பாரிஸுக்கு அலெக்சாந்த்ரோஸ் என்றும் பெயர். அது 'எல்க்ஸ்ந்த்ரெ' ஆயிற்று. ஜீயஸுக்கு மது ஊற்றிக்கொடுத்த கானிமீட் 'கத்மிதெ' ஆனான். ரோமர்கள் அந்தப் பெயரைக் கிரேக்கரிடம் கேட்காமல் எத்ருஸ்கரிடமே வாங்கி, உதிர்ந்த இடத்தில் புதிதாக ஓர் அகரம் வைத்துக் 'கதமிதுஸ்' என்று கட்டிக்கொண்டார்கள். ஒரு பெயர் எந்த வழியாக நடந்து வந்தது என்பதற்கு அதன் உடம்பிலேயே அடையாளம் இருக்கிறது.

ஒடிந்த பெயர் என்றீர்கள். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். ஏஜாக்ஸ் என்ற வீரன் கிரேக்கக் காவியத்தில் 'அயாஸ்'. எத்ருஸ்கர் அவனை 'அய்வாஸ்' என்றார்கள். அந்த வகரம் அவர்கள் சேர்த்தது கிடையாது. பழைய கிரேக்கத்தில் இருந்து, பிறகு கிரேக்கர்களே பல ஊர்களில் தொலைத்துவிட்டது. எத்ருஸ்கர் அதைத் தொலைக்காமல் வைத்திருந்தார்கள்.

வுல்ச்சி என்ற ஊரில் 1857-இல் ஒரு கல்லறை திறக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் பெயரால் அதை ஃபிரான்சுவா கல்லறை என்கிறார்கள். சுவர் ஓவியத்தில் அக்லெ டிராய்க் கைதிகளைப் பலியிடுகிறான். ஏஜாக்ஸ் என்ற பெயரில் இரண்டு வீரர்கள் உண்டல்லவா? இரண்டு பேருமே அங்கே நிற்கிறார்கள். ஒருவன் 'அய்வாஸ் த்லமுனுஸ்', மற்றவன் 'அய்வாஸ் விலதாஸ்'. தெலமோன் மகன், ஒய்லியஸ் மகன் என்று தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரே வகுப்பில் இரண்டு ஜெயசீலன் இருந்தால் நான் இனிஷியல் சேர்த்துக் கூப்பிட்ட மாதிரிதான். செத்துப்போன பட்ரோக்ளஸும் அங்கே நிற்கிறான், பெயருக்கு முன்னால் 'ஹின்தியால்' என்ற சொல்லோடு. ஆவி, நிழல் என்று பொருள்.

துரான், செத்லன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். காதலுக்குத் துரான் என்ற தேவி, உலைக்குச் செத்லன்ஸ் என்ற தேவன், திராட்சை ரசத்துக்கு ஃபுஃப்லுன்ஸ் என்ற தேவன் எல்லாம் அவர்களுக்கு முன்பே இருந்தார்கள். கிரேக்கக் கதை வந்தபோது அந்தக் கதைக்குள் தங்கள் தெய்வங்களையே நடக்க விட்டார்கள். அதனால் பெயர் மாறவில்லை. அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும் பெயரோடு வந்து இறங்கினார்கள், அப்லு, அர்துமெஸ் என்று. வீரர்கள் எல்லாரும் கதையோடு வந்தவர்கள் என்பதால் எல்லாருக்கும் கிரேக்கப் பெயரே. மென்ர்வா, நெதுன்ஸ், உனி மூன்றும் ரோமர்களின் மினர்வா, நெப்டியூன், ஜூனோவோடு ஒட்டி வருகிறவை. அண்டை வீட்டுப் புழக்கம்.

---

வடசேரி சிற்றுளி:

டீச்சர், இவ்வளவு எழுதினதுக்கு நன்றி. ரெண்டு தடவை படித்தேன். வெட்டினவன் பிழை செய்யவில்லை என்று நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய நிம்மதி. அவன் யாரென்று தெரியாது, ஆனாலும் நிம்மதிதான்.

நீங்கள் சொன்னதைக் கேட்டதும் எங்கள் வீட்டுக் குடங்கள் ஞாபகம் வந்தன. என் அம்மா வழித் தாத்தா பெயர் இராயப்பன். அவர் காலத்துக் குடத்தில் அப்படித்தான் வெட்டியிருக்கிறது. பாறை என்ற பொருள் வைத்து, புனித இராயப்பர் என்று அந்தக் காலத்துக் கோவில் தமிழ். அவர் பேரனுக்கு அதே புனிதர் பெயர்தான், ஆனால் தட்டில் பீட்டர் என்று வெட்டினேன். சிஎஸ்ஐ சபை ஆட்கள் வந்தால் பேதுரு என்பார்கள். மூன்றும் ஒரே ஆள். பவுல் என்று ஒரு வீட்டுக்கு, சின்னப்பன் என்று பக்கத்து வீட்டுக்கு. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வர்க்கீஸ் என்று வெட்டச் சொல்வார்கள், அதுவும் நம்ம ஜார்ஜும் ஒன்று என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஒருநாளும் நான் யாரையும் திருத்தினது கிடையாது. அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதைத்தான் வெட்ட வேண்டும்.

இப்போது இந்தச் சமக்குறிதான் மனசை உறுத்துகிறது. இராயப்பர் = பேதுரு என்று போடலாம், ஆள் ஒன்றுதான். துரான் முன்பே அவர்களுடைய தெய்வம் என்றால், துரான் = அஃப்ரோடைட் என்று போடுவது சரிதானா?

---

ஆரல்வாய்மொழிக் காத்து:

அண்ணே, நான் காற்றாலையில் வேலை பார்க்கிறேன். கிரேக்கம் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அதனால் இதைச் சொல்லத் தோன்றியது.

யட்சி என்ற வடசொல் இயக்கி ஆகி, இயக்கி நம் வாயில் இசக்கி ஆனது. சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதைச் சொல்லலாம். ஆனால் இசக்கி யார் என்று என் அம்மாவிடம் கேட்டால் யட்சி என்று சொல்ல மாட்டாள். பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவள், அநியாயமாகச் செத்தவள், வழக்குத் தீர்க்காமல் விடாதவள் என்று கதையைத் தொடங்கிவிடுவாள். பெயர் மட்டும்தான் வெளியூர். ஆள் இந்தக் கணவாய்க்காரி.

சிதறால் மலையில் நேர்மாறாக நடந்திருக்கிறது. சமணர் செதுக்கிய மலை அது. அங்கே பகவதி கோவில் என்று ஜனங்கள் கும்பிடுகிற இடம் முதலில் சமணருடையது. அங்கே கல் அப்படியே இருக்கிறது, பெயர்தான் மாறியது. இந்த ரெண்டு இடத்துக்கும் நடுவில் எந்தச் சமக்குறியைப் போடுவீர்கள்?

எங்கள் ஊர்க் காற்றாடிமலையில் 1752-இல் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளையையும் நினைத்துக்கொண்டேன். ஞானஸ்நானத்தில் லாசரு என்ற பெயர். அதன் பொருளைத் தமிழில் சொன்னால் தேவசகாயம். 2022-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோதும் லாசரு என்று மட்டும் வாசிக்கவில்லை, தேவசகாயம் என்றே வாசித்தார்கள். உங்கள் மருமகனும் அந்த ஊரில்தானே இருக்கிறார். சமக்குறி இல்லாமல் வெட்டுங்கள் அண்ணே.

---

திருவட்டாறு தமிழாசிரியன்:

எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை டீச்சர் சொல்லிவிட்டார்.

பிறமொழிப் பெயரைத் தமிழில் எழுத நம்மிடம் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. வடவெழுத்தை விலக்கி, நம் எழுத்துக்கு இசைய ஆக்கிக்கொள் என்கிறது தொல்காப்பியம். கம்பர் அதைக் கையாண்ட அழகு நமக்குத் தெரியும். லட்சுமணன் இலக்குவன், விபீஷணன் வீடணன். சுசீந்திரத்தில் ஸ்தாணு என்ற சிவன் பெயர் முதல் மெய்யை விட்டுவிட்டுத் தாணு ஆகி, மாலோடும் அயனோடும் சேர்ந்து தாணுமாலயன் என்று நிற்கிறது. இங்கேதான் எத்ருஸ்கருக்கும் நமக்கும் வழி பிரிகிறது. அவர்கள் உயிரை உதிர்த்து மெய்களை நெருக்கினார்கள். நாம் நெருக்கமான மெய்களுக்கு நடுவில் உயிரை ஊட்டி அகல வைத்தோம்.

தொல்காப்பியப்படி க்லுத்ம்ஸ்தாவை எழுதினால் குலுத்துமத்தை என்று ஏதோ ஒன்று வரும். கேட்க இனிமைதான். ஆனால் உங்கள் தாம்பாளத்துக்கு அது ஆகாது. அந்தப் பெயரில் பார்க்க வேண்டியதே மெய்களின் நெருக்கம். அதை நம் எழுத்தில் அப்படியே காட்ட முடியும், ஏனென்றால் நமக்குப் புள்ளி இருக்கிறது. எத்தனை மெய் அடுக்கினாலும் தலையில் ஒரு புள்ளி வைத்தால் போதும். ஆகவே எத்ருஸ்கர் சொன்னபடியே வெட்டுங்கள் என்பது என் கருத்து.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நம் எழுத்தில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி உரு இல்லை. கத்மிதெ என்று வெட்டினால் 'மிதி' என்பதில் வருகிற மாதிரி மெலிந்த தகரமாகத்தான் வாசிப்பார்கள். கத்மித்தெ என்று இரட்டித்தால் வல்லோசை நிற்கும். எல்க்ஸ்ந்த்ரெ என்பதில் ந் வந்தால் அடுத்த த தானாகக் குழைந்துவிடும், பந்து மாதிரி. அங்கே ன் போட்டு எல்க்ஸ்ன்த்ரெ என்று வெட்டுங்கள். ன் பக்கத்தில் த வருவது தமிழில் இல்லாத கூட்டு. அதனால் வாசிக்கிறவர் அங்கே தடுக்கி நின்று, தகரத்தைத் தனியாக வலித்துச் சொல்வார்.

இன்னொன்று, நம் சொற்கள் எகரக் குறிலில் முடிவதில்லை. அக்லே, மென்லே, ஹெர்க்லே என்று நெடிலாக்கினால் வாய்க்குப் பொருந்தும். உங்களுக்கு வேலை ஒன்றும் கூடாது. ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு ஆகும், அவ்வளவுதான்.

---

தக்கலை டீச்சர்:

சமக்குறியைப் பற்றிக் கேட்டீர்களே அண்ணாச்சி. ஆரல்வாய்மொழித் தம்பி சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு எத்ருஸ்கர் நாட்டிலிருந்தே சான்று தருகிறேன்.

1964-இல் பிர்கி என்ற பழைய துறைமுகத்தில் மூன்று தங்கத் தகடுகள் கிடைத்தன. ஓரங்களில் ஆணித் துளைகள். கி.மு. 500 வாக்கில் கைரே நகரை ஆண்ட தெஃபாரியே வெலியானாஸ் செய்த ஒரு காணிக்கையைப் பற்றிய வாசகம். இரண்டு தகடு எத்ருஸ்கர் மொழியில், ஒன்று கடல் வணிகரான பினீசியரின் மொழியில். எத்ருஸ்கர் மொழியில் தேவியின் பெயர் உனி. பினீசியர் தகட்டில் அதே இடத்தில் அஸ்தார்த்தே. ஆக, கிரேக்கன் எதிரே நின்றால் உனி ஹீரா. பினீசியன் எதிரே நின்றால் அவளே அஸ்தார்த்தே. சமக்குறிக்கு மறுபக்கம் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. உனி மட்டும் உனியாகவே இருக்கிறாள். அந்தத் தகடுகள் உங்கள் மருமகன் போன வில்லா ஜூலியாவில்தான் இருக்கின்றன.

ஹெர்க்லேயைப் பாருங்கள். கிரேக்கக் கதையில் ஹெரக்கிளீஸ், ஹீராவின் கணவர் ஜீயஸ் வேறொரு பெண்ணிடம் பெற்ற மகன். அதனால் ஹீராவுக்கு அவன் மேல் தீராத பகை. தொட்டிலில் கிடக்கும்போதே பாம்பை அனுப்பியவள். வோல்ட்டெர்ரா என்ற ஊரில் கிடைத்து இப்போது ஃபுளோரன்ஸில் இருக்கிற கண்ணாடியில் தாடி வைத்த, வளர்ந்த ஹெர்க்லே உனியின் மார்பில் பால் குடிக்கிறான். மற்ற தெய்வங்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பின்னால் ஒரு பலகையில் எழுதியிருக்கிறது, 'ஹெர்க்லே உனியல் க்லன்' என்று. க்லன் என்றால் மகன். உனியின் மகன் ஹெர்க்லே. மாற்றாந்தாய் பகையெல்லாம் அந்த ஊரில் இல்லை, அவன் அவள் பிள்ளை. உனி = ஹீரா, ஹெர்க்லே = ஹெரக்கிளீஸ் என்று எழுதிவிட்டால் இந்தக் கண்ணாடியை எப்படிப் படிப்பது? 1877-இல் பியாசென்சா அருகே உழுதபோது கிடைத்த வெண்கல ஈரலிலும் ஹெர்க்லே பெயர் இருக்கிறது. குறி பார்க்கப் பழகுவதற்காகக் கட்டம் கட்டிக் கட்டத்துக்கு ஒரு தெய்வப் பெயர் வெட்டிய மாதிரி ஈரல் அது. தின் (தினியாதான்), உனி, ஃபுஃப்லுன்ஸ் என்று தெய்வங்களோடு தெய்வமாக அவனும்.

கண்ணாடிகளைப் பற்றி உங்கள் தொழில் சார்ந்து இன்னொரு செய்தி. அவை பெண்களின் உடைமை. செத்தபோது கூடவே வைத்துப் புதைத்தார்கள். சில கண்ணாடிகளில் 'சுதினா' என்று ஒரு சொல் பெரிதாக வெட்டியிருக்கும், கல்லறைக்குரியது என்ற பொருளில். அதைச் சித்திரம் உள்ள பக்கத்தில் வெட்டவில்லை, பெரும்பாலும் முகம் பார்க்கிற பக்கத்தின் குறுக்கே வெட்டினார்கள். அதன் பிறகு உயிரோடு இருக்கிற யாரும் அதில் முகம் பார்க்க முடியாது.

நடுவில் என்ன படம் என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், ஒன்று சொல்லட்டுமா? அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து வால்ட்டர்ஸ் அருங்காட்சியகத்தில் எத்ருஸ்கரின் தங்கத் தாயத்து ஒன்று இருக்கிறது, கி.மு. 5-ஆம் நூற்றாண்டு. ஒரு பக்கம் சிறகு கட்டிய தைத்லே, மறுபக்கம் அவன் மகன் விகரே. கிரேக்கர் சொன்ன டீடலஸும் இக்காரஸும்தான். தைத்லே கையில் ரம்பமும் வாய்ச்சியும், விகரே கையில் இரட்டைக் கோடாலியும் மூலைமட்டமும். வேலைக்குப் போகிற தகப்பனும் மகனும் போலப் பறக்கிறார்கள். பெயர் பக்கத்திலேயே வெட்டியிருக்கிறது.

---

வடசேரி சிற்றுளி:

டீச்சர், அந்தத் தாயத்தின் படத்தை என் மகள் எடுத்துக் காட்டினாள். நடுவில் அதுதான். வேறு யோசனை இல்லை. அப்பாவோடு சைக்கிளில் சுசீந்திரம் தேரோட்டக் கடைக்கு உளிப்பையைத் தூக்கிக்கொண்டு போன பையன் நான். ரம்பம் பிடித்த தைத்லே இடப்பக்கம், மூலைமட்டம் பிடித்த விகரே வலப்பக்கம், ரெண்டு பேரையும் சேர்த்தே வெட்டுகிறேன்.

சுதினா பற்றி எழுதியதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. அம்மா தவறினபோது அவள் குடத்தை அண்ணன் உருக்கப் போடலாம் என்றான். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அப்பா வெட்டின பெயர் அதில் இருக்கிறது.

மருமகனிடம் போனில் பேசினேன். சமக்குறி வேண்டாம் என்றதும் உடனே ஒத்துக்கொண்டார். உனியின் கண்ணாடியைப் பற்றிச் சொன்னபோது, "மாமா, இதை என் பேராசிரியரிடமும் சொல்கிறேன்" என்றார்.

முடிவான 12 பெயர்: தினியா, உனி, மென்ர்வா, துரான், செத்லன்ஸ், ஃபுஃப்லுன்ஸ், அப்லு, ஹெர்க்லே, அக்லே, அய்வாஸ், எல்க்ஸ்ன்த்ரே, க்லுத்ம்ஸ்தா. உனிக்குப் பக்கத்திலேயே ஹெர்க்லே வரும்படி வரிசையை மட்டும் மாற்றிக்கொள்வேன்.

14 அங்குலத் தாம்பாளத்துக்கு விளிம்புச் சுற்று 44 அங்குலம். ஒரு பெயருக்கு மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். உனி அதில் மிதக்கும், எல்க்ஸ்ன்த்ரே முட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் பிரிக்காமல் பெயருக்குத் தக்கபடி விட்டு, நடுவில் ஒரு சின்னப் பூ வைத்துச் சரிக்கட்டுகிறேன். கண்ணாடியில் அவர்களும் இருக்கிற இடத்தில்தானே நுழைத்திருக்கிறார்கள்.

செம்புத் தகடு ஒன்றில் எல்க்ஸ்ன்த்ரே வெட்டிப் பார்த்தேன். ஒரே பெயரில் 5 புள்ளி. புள்ளிக்கு உளியைச் சாய்க்கக் கூடாது, நேராக நிறுத்தி ஒரே தட்டு. ரெண்டாவது தட்டு விழுந்தால் அது புள்ளி இல்லை, காயம். ஃபுஃப்லுன்ஸில் ஆய்தம் ரெண்டு தடவை வருகிறது, அதற்கே 6 புள்ளி. ஐயா சொன்ன ன், இரட்டைக்கொம்பு எல்லாம் அப்படியே. புல்துகேயும் கத்மித்தேயும் இந்தத் தட்டில் இல்லை. இடம் இருந்தால் வெட்டியிருப்பேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. டீச்சர் தைத்லே என்று எழுதினீர்கள். ஆனால் அய்வாஸை அய் போட்டு எழுதினீர்கள். ரெண்டும் ஒரே ஓசைதானே? எதை வெட்ட?

---

தக்கலை டீச்சர்:

நல்ல கண் அண்ணாச்சி. ரெண்டும் ஒரே ஓசைதான், நான்தான் கலந்து எழுதிவிட்டேன். சாமித்தோப்பில் அய்யா என்று எழுதுகிற மாதிரி ரெண்டுக்கும் அய் போடுங்கள். தய்த்லே. ய்-க்குப் புள்ளியை நேராக நிறுத்தி ஒரே தட்டு.